சுதந்திரக் கடலும் ஜாதிக்காய்த் தீவுகளும்

கைக்குழந்தையைக் குளிப்பாட்டிய பின், உரைகல்லில் வசம்பு, மாசிக்காய், கடுக்காய் இவற்றோடு ஜாதிக்காயையும் தாய்ப்பாலில் இழைத்து நாவில் தடவும் வழக்கம் நம் வீடுகளிலிருந்து இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. வயிற்றுப்போக்குக்கு ஜாதிக்காய், உறக்கம் வராதவருக்குப் பாலில் கலந்த ஜாதிக்காய்ப் பொடி, தாம்பூலத்தோடு சேரும் பஞ்சவாசத்தில் ஒன்று ஜாதிக்காய், விருந்துப் பிரியாணியில் ஜாதிபத்திரி. இத்தனை நெருக்கமாக நம்மோடு பழகிய இப்பொருள், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை உலகத்தின் ஒரே ஒரு மூலையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அம்மூலையில் அதை விளைவித்த மக்கள் 1621-ஆம் ஆண்டின் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ முழுமையாக அழித்தொழிக்கப்பட்டனர். இதை நாம் பள்ளியில் படித்ததில்லை. நமது பாடநூல்களில் ஒல்லாந்தர் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வந்திறங்குவர். இரண்டு பத்திகளுக்குள் ஆங்கிலேயரிடம் தோற்றுக் காணாமற்போவர். அவர்கள் ஏன் நம் கரைக்கு வந்தார்கள், இங்கே வாங்கிய துணியை எங்கே கொண்டுபோனார்கள் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அக்கேள்வியைத் தொடர்ந்து போனால் நாம் சென்று சேரும் இடம் பண்டா தீவுகள்.

(பந்தா என்று எழுதுவதே மூல ஒலிப்புக்கு இன்னும் நெருக்கம் என்பர். ஆனால் தமிழில் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் வேரூன்றிவிட்டதால் பண்டா என்றே எழுதுகிறோம்.)

இந்தோனேசியாவின் கிழக்கே, மலுக்குத் தீவுக்கூட்டத்தில், செரம் தீவுக்குத் தெற்கே ஆழ்கடலின் நடுவில் கிடக்கின்றன பத்துப் பதினொரு சிறு தீவுகள். எல்லாவற்றிலும் பெரியது லொந்தோர். அதன் நீளமே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான். அதற்கெதிரே நெய்ரா. நெய்ராவை ஒட்டிக் கடலிலிருந்து நேராக எழும் எரிமலை, குனுங் அப்பி. நெருப்பு மலை என்று பொருள். மேற்கே ஆய், அதற்கப்பால் ருன். எரிமலை மண், கடற்காற்றின் ஈரம், கெனாரி என்னும் வாதுமை இனத்து உயர்ந்த மரங்களின் நிழல் இம்மூன்றும் சேர்ந்த இடத்தில் ஜாதிக்காய் மரம் செழித்தது. விதைத்து ஏழெட்டு ஆண்டுகள் காத்திருந்தால்தான் காய்க்கும். ஆண்மரமும் பெண்மரமும் வேறு வேறு; காய்க்கும் வரை எது எதுவென்று தெரியாது. பழம் வெடித்தால் உள்ளே கருஞ்செம்மை விதை, அதைப் பின்னியிருக்கும் சிவந்த வலை. விதைக்குள் இருப்பது ஜாதிக்காய், வலை ஜாதிபத்திரி. இம்மரத்தோடு பழகப் பொறுமையும் தலைமுறை அறிவும் வேண்டும். இந்த அறிவின் அருமை பிறகு எப்படித் தெரியவந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பண்டாவுக்கு அரசன் இல்லை. ஓராங் காயா எனப்பட்ட ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். ஊர்களுக்குள் பகையும் கூட்டணியும் உண்டு. சுமார் 15,000 மக்கள் வாழ்ந்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். பெரும்பாலோர் அப்போதே இஸ்லாத்தைத் தழுவியிருந்தனர். இவர்களை, மரத்தடியில் அமர்ந்து வெள்ளைக்காரன் வரவுக்காகக் காத்திருந்த அப்பாவிகளாகக் கற்பனை செய்துகொள்வது பெரும்பிழை. கிராம்பை மற்றத் தீவுகளிலிருந்து வாங்கித் தம் ஜாதிக்காயோடு சேர்த்து, சொந்தக் கப்பல்களில் மலாக்கா வரை சென்று விற்றுவந்த வணிகர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் வாழ்வில் ஒரு நெருக்கடி எப்போதும் உடனிருந்தது: தீவில் உணவு போதிய அளவு விளையாது. அரிசி ஜாவாவிலிருந்தும், சவ்வரிசி மாவு செரம், கெய் தீவுகளிலிருந்தும் வந்தாக வேண்டும். ஜாதிக்காயை வாங்கவந்த ஜாவா, மலாய் வணிகரே அரிசியையும் கொண்டுவந்தனர். பண்டாக்காரருக்கு வணிகம் என்பது அடுப்பில் உலை ஏறுவதற்கான வழி. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் பின்வருவன விளங்கும்.

1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் மறு ஆண்டே அந்தோனியோ டி அப்ரேயுவின் தலைமையில் பண்டாவுக்கு வந்தனர். காய் வாங்கிச் சென்றனர். கோட்டை கட்டும் எண்ணம் நிறைவேறவில்லை. ஒரு நூற்றாண்டு அளவும் அவர்கள் பல வணிகருள் ஒருவராகவே இருந்தனர். அவர்களைப் பற்றி இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை.

1599-இல் யாக்கோப் வான் ஹேம்ஸ்கெர்க் என்ற மாலுமியின் தலைமையில் முதல் ஒல்லாந்தக் கப்பல்கள் வந்தன. 1602 மார்ச்சில் ஒல்லாந்தின் போட்டி வணிகக் குழுக்கள் ஒன்றிணைந்து கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. ஒப்பந்தம் செய்யவும் கோட்டை கட்டவும் போர் தொடுக்கவும் அரசின் பெயரால் அதிகாரம் பெற்ற வணிக நிறுவனம் அது. அதே ஆண்டு மே மாதம் பண்டாவின் ஓராங் காயாக்களில் சிலர் ஒல்லாந்தருடன் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர்: இனி ஜாதிக்காய் முழுவதும் ஒல்லாந்தருக்கே. எல்லா ஊர்த் தலைவர்களும் ஒப்பவில்லை. ஒப்பிய சிலருக்கும் தம் ஊரைக் கடந்து மற்ற ஊரைக் கட்டுப்படுத்தும் உரிமை கிடையாது. அரசன் இல்லாத நாட்டில் யார் யாருக்காகக் கையெழுத்திடுவது? ஆனால் தாள் தாள்தான். அது ஆம்ஸ்டர்டாம் சென்றுசேர்ந்து ஆவணமாகிவிட்டது.

அந்தத் தாளில் எழுதியபடி ஒழுகினால் என்ன ஆகும்? ஒல்லாந்தர் ஜாதிக்காய்க்கு ஈடாகக் கொண்டுவந்தவை கம்பளித் துணி, வெல்வெட் போன்ற பொருள்கள். நிலநடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கே, ஈர வெப்பத்தில் வேகும் தீவில் கம்பளி! அரிசி போதிய அளவு வரவில்லை. பிறரிடம் விற்காதே என்று சொன்னவன் பிறர் கொண்டுவந்த அரிசிக்கு மாற்றுக் காட்டவில்லை. ஒப்பந்தத்தைக் காத்தால் பட்டினி; ஜாவாக்காரனிடம் காய் கொடுத்து அரிசி வாங்கினால் ஒப்பந்த மீறல். பண்டாக்காரர்கள் அரிசியைத் தேர்ந்தார்கள். கம்பெனியின் கடிதங்களில் அவர்கள் துரோகிகளாகவும் வாக்குத் தவறுபவர்களாகவும் மாறினார்கள்.

கம்பளி விலைபோகாது என்பதைக் கம்பெனியின் கூர்மையான அதிகாரிகள் விரைவில் உணர்ந்தனர். நறுமணத் தீவுகளில் மக்கள் விரும்பிய துணி சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. ஆகவே அவர்கள் நம் கரைக்கு வந்தனர். 1610-இல் பழவேற்காட்டில் பண்டகசாலை. சில ஆண்டுகளில் அங்கே கெல்ட்ரியா கோட்டை. 1612-இல் ஹெண்ட்ரிக் பிரௌவர் என்ற கம்பெனி அதிகாரி, சோழமண்டலக் கரையை மலுக்குத் தீவுகளின் இடது கை என்று வருணித்தார். அங்கிருந்து போகும் துணி இல்லையேல் மலுக்கு வணிகம் செத்துவிடும் என்பது அவர் கருத்து. நம் நெசவாளர் தறியில் நெய்த துணி அன்று ஜாதிக்காய்த் தீவுகளின் நாணயமாகப் புழங்கியது. எந்த நெசவாளரும் அத்துணி போய்ச்சேர்ந்த இடத்தின் கதையை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த இடத்தில், இலக்கிய வாசகர்கள் நன்கறிந்த ஒரு நூலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1599-இல் பண்டாவுக்கு வந்த அதே ஹேம்ஸ்கெர்க், 1603-இல் சிங்கப்பூருக்கு அருகே சாந்தா கத்தரீனா என்ற போர்த்துகீசியக் கப்பலைப் பிடித்தார். அதன் சரக்கு ஆம்ஸ்டர்டாமில் பெரும் விலைக்கு ஏலம் போயிற்று. இது கடற்கொள்ளை ஆகாதா என்ற சங்கடம் ஒல்லாந்தருக்குள்ளேயே எழுந்தது. கம்பெனி தன் பக்க நியாயத்தை எழுதித்தர ஓர் இளம் வழக்கறிஞரை நாடியது. அவர்தான் ஹ்யூகோ க்ரோஷியஸ். அவர் எழுதிய நீண்ட வாதத்தின் ஒரு பகுதி, ஆசிரியர் பெயரின்றி 1609-இல் ‘மாரே லிபெரும்’ என்ற தலைப்பில் வெளிவந்தது. சுதந்திரக் கடல் என்று பொருள். கடல் எவருக்கும் உடைமையாகாது; எந்த நாட்டு மக்களும் எந்த நாட்டோடும் வணிகம் செய்யும் உரிமை இயற்கை தந்தது; அதைப் போர்த்துகீசியரோ போப்பாண்டவரோ தடுக்க முடியாது. இன்றும் சர்வதேசச் சட்டம் பயில்வோர் இந்நூலிலிருந்தே தொடங்குகின்றனர். கீழைநாட்டு மக்கள் அறிவும் அரசும் உடைமையும் உள்ளவர்கள், அவர்கள் நிலத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்றும் அந்நூல் வாதிடுகிறது. படிக்கையில் நம் மனம் அதற்குத் தலையசைக்கிறது. அந்தத் தலையசைப்பே நம்மை உறுத்துகிறது.

ஏனெனில் எல்லோருக்கும் திறந்த கடல், பண்டாக்காரரின் துறைக்கு ஜாவாக்காரன் வரும்போது மூடப்பட்டது. 1613-இலும் 1615-இலும் ஆங்கிலேயரோடு நடந்த பேச்சுவார்த்தைகளில் ஒல்லாந்தரின் தூதுக்குழுவில் இருந்தவர் இதே க்ரோஷியஸ். ஆங்கிலேயர், பெயரில்லாமல் வெளிவந்த அந்த நூலின் வாதங்களையே எடுத்து அவர் முன் வைத்தனர்: வணிகம் எல்லோருக்கும் பொது என்றால் நாங்களும் பண்டாவில் காய் வாங்கலாமே? க்ரோஷியஸின் பதில் எளிமையானது. வணிகம் சுதந்திரமானது, ஆனால் சுதந்திரமுள்ளவன் தன் சுதந்திரத்தை ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்திக்கொள்ளவும் உரிமையுள்ளவன், பண்டாக்காரர் ஒப்பந்தம் செய்துவிட்டனர், ஒப்பந்தம் காக்கப்பட வேண்டும். பண்டாக்காரரை மனிதராக மதித்ததாகச் சொன்ன அதே தர்க்கம், அந்த மதிப்பின் பெயராலேயே அவர்களைத் தாளில் கட்டிப்போட்டது. காட்டுமிராண்டிகளுக்கு ஒப்பந்தம் செய்யும் உரிமையில்லை என்று ஸ்பானியர் சொன்னது ஒருவகைக் கொடுமை. உரிமை உண்டு, ஆகவே மீறியதற்குத் தண்டனையும் உண்டு என்பது மற்றொரு வகை. காலனிய வரலாற்றில் இரண்டாவதையே நாம் குறைவாகப் பேசுகிறோம் என்று தோன்றுகிறது.

‘மாரே லிபெரும்’ வெளிவந்த அதே 1609-இல், தளபதி பீட்டர் வெர்ஹூவன் பெரும்படையோடு நெய்ராவில் இறங்கி, போர்த்துகீசியர் விட்டுச்சென்ற அடித்தளத்தின்மேல் கோட்டை எழுப்பத் தொடங்கினார். ஓராங் காயாக்கள் அவரைப் பேச்சுக்கு அழைத்தனர். மே 22 அன்று பேசச் சென்ற இடத்தில் அவரும் உடன் சென்ற நாற்பது பேர் அளவிலானோரும் கொல்லப்பட்டனர். இது திட்டமிட்ட படுகொலைதான். அதை மறைக்கவோ நியாயப்படுத்தவோ வேண்டியதில்லை. கோட்டை மட்டும் எழுந்தது; நசாவ் என்று பெயரிட்டனர். அந்தக் கப்பற்படையில் இளநிலை வணிகராகப் பணியாற்றிய ஓர் இருபத்திரண்டு வயது இளைஞரின் பெயர் யான் பீட்டர்ஸூன் கூன்.

அடுத்த பத்தாண்டுகள் மோதலும் சமாதானமுமாகக் கழிந்தன. ஆய் தீவை 1615-இல் தாக்கித் தோற்ற ஒல்லாந்தர் 1616-இல் வென்றனர். ருன் தீவினர் தம்மை இங்கிலாந்து அரசரின் பாதுகாப்பில் ஒப்படைத்துக்கொண்டனர். நத்தானியல் கோர்த்தோப் என்ற ஆங்கிலேயர் சிறு படையோடு 1616 முதல் 1620-இல் சாகும்வரை அங்கே முற்றுகையைத் தாங்கினார். ஜைல்ஸ் மில்டன் எழுதிய புகழ்பெற்ற நூல் ஒன்று அவரையே நாயகனாக்கியது, சுவையான நூல்தான். எனினும் அதில் பண்டாக்காரர் தம் தீவிலேயே துணைப்பாத்திரங்களாக நிற்கின்றனர்.

கூன் வேகமாக உயர்ந்தார். 1614-லேயே கம்பெனி இயக்குநர்களுக்கு எழுதிய கடிதத்தில், வணிகமின்றிப் போரும் போரின்றி வணிகமும் நடவாது என்று தம் கொள்கையை வகுத்துவிட்டார். 1619-இல் ஜகார்த்தாவைத் தீக்கிரையாக்கி அங்கே படாவியாவை நிறுவினார். கவர்னர்-ஜெனரலாக 1621 பிப்ரவரியில் பண்டாவுக்கு வந்தபோது அவரிடம் பதிமூன்று பெருங்கப்பல்களும் பல சிறு கலங்களும் இருந்தன. 1,600-க்கு மேற்பட்ட ஐரோப்பிய வீரர்கள், ஜாவானியக் கைதிகள் முந்நூறு பேர் அளவில், கூலிக்குப் போரிடும் ஜப்பானியர் எண்பது முதல் நூறு பேர். பதினைந்தாயிரம் பேர் வாழும் தீவுகளுக்கு இவ்வளவு படை.

மார்ச்சில் லொந்தோர் வீழ்ந்தது. ஓராங் காயாக்கள் பணிந்தனர். ஆயுதங்களை ஒப்படைக்கவும் அரண்களை இடிக்கவும் பிள்ளைகளைப் பணயமாகத் தரவும் ஒப்புக்கொண்டனர். மீண்டும் ஓர் ஒப்பந்தம்! மக்கள் அச்சத்தில் மலைக்குள் ஒதுங்கினர். செலாமோன் என்ற ஊரில் மார்ட்டினுஸ் சோங்க் என்ற அதிகாரி, ஊராரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் பள்ளிவாசலையே தம் படைக்குத் தங்குமிடமாக எடுத்துக்கொண்டார். ஏப்ரல் 21 இரவு அங்கே ஒரு விளக்கு கீழே விழுந்தது. யாரோ தாக்கவருவதாகச் சோங்க் நம்பினார். இருட்டில் துப்பாக்கிகள் வெடித்தன. அமிதவ் கோஷ் 2021-இல் வெளியிட்ட ‘தி நட்மெக்ஸ் கர்ஸ்’ நூலை இந்த விளக்கிலிருந்தே தொடங்குகிறார். நாவலாசிரியரின் கண் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. ஆனால் விளக்கு விழாதிருந்தாலும் வேறொன்று விழுந்திருக்கும். பண்டாக்காரரை அகற்றிவிட்டு வேறு மக்களைக் குடியேற்றும் எண்ணம் கூனிடம் அதற்கு முன்பே இருந்தது.

சதி நடந்ததாகச் சித்திரவதையின் வழியே வாக்குமூலம் பெறப்பட்டது. மே 8 அன்று நசாவ் கோட்டையருகே மூங்கில் வேலியிட்ட வட்டத்துக்குள் நாற்பத்து நான்கு ஓராங் காயாக்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் எட்டுப் பேர் தலைமைச் சதிகாரர் என்று தனியே நிறுத்தப்பட்டனர். ஆறு ஜப்பானியக் கூலிவீரர்கள் கூரிய வாளால் அவர்களை வெட்டினர், உடல்கள் கூறுபோடப்பட்டன. மழை பெய்துகொண்டிருந்தது. அங்கே நின்ற ஒல்லாந்த அதிகாரி ஒருவர் எழுதிவைத்த குறிப்பு எஞ்சியிருக்கிறது. அனைவரும் ஒலியெழுப்பாமல் மாண்டனர் என்றும், ஒருவர் மட்டும் டச்சு மொழியில், ஐயன்மீர், உங்களுக்கு இரக்கமே இல்லையா என்ற பொருள்படக் கேட்டார் என்றும் அவர் எழுதுகிறார். நியாயம் யார் பக்கம் என்பதைக் கடவுளே அறிவார், கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு இது உவப்பாக இல்லை என்ற தோரணையில் முடிகிறது அக்குறிப்பு. தம்மைக் கொல்பவரின் மொழியைக் கற்றுவைத்திருந்தார் அந்த ஒருவர். இருபதாண்டு வணிகத்தில் கற்றிருப்பார்.

பிறகு மலைகளில் வேட்டை நடந்தது. ஊர்கள் எரிக்கப்பட்டன, படகுகள் அழிக்கப்பட்டன. ஒளிந்தவர்கள் பசியாலும் நோயாலும் மடிந்தனர். சரணடைய மறுத்து மலைமுகட்டிலிருந்து குதித்தோரும் உண்டு. எண்ணூறு பேர் அளவில் படாவியாவுக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டனர். வழியிலேயே பலர் இறந்தனர். சிலர் படகுகளில் தப்பி செரம், கெய், மக்காசர் சென்று சேர்ந்தனர். 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் எஞ்சியவர் ஆயிரம் பேர் அளவுதான்.

இங்கே ஒரு தேதியைக் கவனிக்க வேண்டுகிறோம். ஒல்லாந்தர் தம் தாயகத்தில் ஸ்பெயின் பேரரசுக்கு எதிராக விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்த காலம் இது. 1609 ஏப்ரலில் தொடங்கிய பன்னிரண்டாண்டுப் போர்நிறுத்தம் 1621 ஏப்ரலில்தான் முடிந்தது. செலாமோனில் விளக்கு விழுந்த அதே மாதத்தில் ஒல்லாந்தில் மீண்டும் விடுதலைப் போர். இந்த முரணைக் காண நமக்கு நானூறு ஆண்டுத் தூரம் தேவைப்படவில்லை. ஆர்ட் கெய்சல்ஸ் என்ற கம்பெனி அதிகாரி அன்றே அதைச் சொன்னார்: நாம் நம் நாட்டின் விடுதலைக்காக இத்தனை ஆண்டுகள் உயிரையும் பொருளையும் கொடுத்துப் போராடியதைப் போலவே பண்டாக்காரரும் தம் நாட்டுக்காகப் போராடினர் என்பது அவர் எழுதியதன் சாரம். எனவே அந்தக் காலத்தை அந்தக் காலத்து அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்று நம்மிடம் சொல்பவர்களுக்கு, கெய்சல்ஸின் அளவுகோலைக் கொடுப்போம். அதுவும் அந்தக் காலத்தது, அதே கம்பெனியுடையது.

இயக்குநர்கள் கூனைக் கடிந்துகொண்டனர். இன்னும் மென்மையாக நடந்திருக்கலாம் என்றனர். கூடவே 3,000 கில்டர் வெகுமதியும் அளித்தனர்.

மக்கள் போய்விட்டனர்; மரங்கள் இருந்தன. தோப்புகள் அறுபத்தெட்டுப் பங்குகளாகப் பிரிக்கப்பட்டன. லொந்தோரில் 34, ஆய் தீவில் 31, நெய்ராவில் 3. பெர்க் என்று ஒவ்வொரு பங்குக்கும் பெயர். அதை ஏற்று நடத்திய ஐரோப்பியன் பெர்கெனியர். விளைந்ததைக் கம்பெனி குறித்த விலைக்குக் கம்பெனியிடமே தர வேண்டும். கம்பெனி அவனுக்கு அரிசியும் அடிமைகளும் தரும். புதிதாக வந்தவர்களுக்கு ஜாதிக்காய் மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. எப்போது பறிப்பது, எப்படிப் புகைமூட்டி உலர்த்துவது, எந்த நிழல் எவ்வளவு வேண்டும் என்பதைக் கற்பிக்க, எஞ்சியிருந்த பண்டாக்காரர் சிலரையே அடிமைகளாக வைத்துக்கொள்ள நேர்ந்தது. தம் மரங்களுக்குத் தாமே அடிமை வாத்தியார்! 1638-இல் எடுத்த கணக்கில் தீவுகளின் ஏறத்தாழ 3,800 பேரில் பூர்வகுடிகள் 560 பேரே.

மற்ற அடிமைகள் எங்கிருந்து வந்தனர்? ஜாவா, பூத்தோன், மக்காசர், பப்புவா, வங்காளம், மலபார், அத்துடன் சோழமண்டலக் கரை. பதினேழாம் நூற்றாண்டில் நம் கரையில் பஞ்சமோ போரோ வந்தபோதெல்லாம், பசியால் தம்மையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்களையும் பிடிபட்டவர்களையும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம், நாகப்பட்டினம் துறைகளில் கம்பெனி வாங்கிக் கப்பலேற்றியது. பெரும்பகுதியினர் படாவியாவுக்கும் இலங்கைக்கும் போயினர். சிலர் பண்டா வரை போயினர். முதலில் துணி போன வழியில் பிறகு மனிதர் போனார்கள். அவர்கள் பெயர்கள் நமக்கு எட்டவில்லை. நமது இலக்கியத்தில் அவர்களுக்கு ஒரு ஒப்பாரி கூட இல்லை என்பதை எண்ணும்போது சற்று வெட்கமாகவே இருக்கிறது.

ருன் தீவைக் கொடுத்து மன்ஹாட்டனை வாங்கினார்கள் என்ற துணுக்கை நம்மில் பலர் எங்கேனும் படித்திருப்போம். ஜாதிக்காயின் அன்றைய மதிப்பைக் காட்டச் சொல்லப்படுவது இது. நடந்தது அவ்வளவு நேரான பண்டமாற்று அன்று. 1667-இல் பிரெடா உடன்படிக்கை, போரின் முடிவில் அவரவர் கையில் உள்ளது அவரவருக்கே என்றது. ருன்னும் சூரினாமும் ஒல்லாந்தரிடம், நியூ ஆம்ஸ்டர்டாம் ஆங்கிலேயரிடம் நின்றன. அதற்குள் ருன்னின் ஜாதிக்காய் மரங்களை ஒல்லாந்தர் வெட்டித்தள்ளி, ஆங்கிலேயருக்குப் பயன்படாத தீவாக்கிவிட்டிருந்தனர். துணுக்கில் சிரிப்புக்கு இடமுண்டு. தம்மை இங்கிலாந்து அரசரிடம் நம்பி ஒப்படைத்த ருன் மக்களுக்குத்தான் இடமில்லை.

ஏகபோகத்தைக் காக்கக் கம்பெனி காயைச் சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பியது; எங்கும் முளைத்துவிடக் கூடாதாம். பழந்தின்னிப் புறாக்கள் இந்தக் கட்டளையை மதிக்கவில்லை. விதையை விழுங்கி அடுத்த தீவுகளில் எச்சமிட்டு விதைத்தன. 1770-இல் பியேர் புவாவ்ரின் முயற்சியால் நாற்றுகள் பிரெஞ்சுக்காரரின் மொரீஷியஸை அடைந்தன. 1796-இல் ஆங்கிலேயர் பண்டாவைப் பிடித்தனர்; திருப்பிக் கொடுத்தனர்; 1810-இல் மீண்டும் பிடித்தனர். அந்த இரண்டாம் படை கிளம்பியது சென்னையிலிருந்து. மெட்ராஸ் ஐரோப்பிய ரெஜிமென்ட்டின் நூறு பேர் அளவில் அதில் சென்றனர். கேப்டன் கிறிஸ்டபர் கோல் ஆகஸ்ட் மாதத்து இரவொன்றில் இருநூறுக்கும் குறைவான ஆட்களோடு இறங்கி நெய்ராவைக் கைப்பற்றினார். இவ்விரு ஆட்சிக் காலங்களில் ஜாதிக்காய் நாற்றுகள் பினாங்குக்கும் பென்கூலனுக்கும் இலங்கைக்கும் பெயர்ந்தன. நம் குற்றாலத்தில் கும்பினியார் போட்ட வாசனைத் தோட்டங்களில் ஜாதிக்காயும் கிராம்பும் வேரூன்றியதும் அந்தக் காலத்தில்தான். குற்றாலச் சாரலில் இன்று ஜாதிக்காய் மரத்தைக் காண்போர் அது ஆதிமுதல் அங்கேயே நின்றதாக நினைப்பர். பிறகு அது கரீபியக் கடலின் கிரனடா வரை போயிற்று. அந்நாட்டுக் கொடியிலேயே ஒரு ஜாதிக்காய் வரையப்பட்டிருக்கிறது. பண்டாவின் தனித்தன்மை போனபின் பெர்கெனியர்களின் செல்வமும் மெல்லத் தேய்ந்தது. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியாவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த நாள் 1860 ஜனவரி 1. ஜாவாவின் குடியானவர் சுரண்டப்படுவதைச் சொன்ன முல்தாத்தூலியின் ‘மாக்ஸ் ஹவேலார்’ நாவல் வெளிவந்ததும் அந்த ஆண்டே. பண்டாவில் அடிமைகளின் இடத்துக்கு ஜாவாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்தனர். ஒப்பந்தம் என்ற சொல் அத்தீவை விட்டுப் போக மறுத்தது.

இருபதாம் நூற்றாண்டில் அரசுக்கு இத்தீவு வேறு வகையில் பயன்பட்டது: தேசியவாதிகளை ஒதுக்கிவைக்க. 1936-இல் முகம்மது ஹத்தாவும் சுதன் ஷாரிரும் போவன் டிகூல் முகாமிலிருந்து நெய்ராவுக்கு மாற்றப்பட்டனர். ஹத்தா பெட்டி பெட்டியாகப் புத்தகங்களோடு வந்தார். இருவரும் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினர். 1942 பிப்ரவரியில், ஜப்பானியர் நெருங்கிய வேளையில், அவர்களை ஏற்றிச்செல்லக் கடல்விமானம் ஒன்று வந்தது. இடம் குறைவு. ஷாரிர் தாம் வளர்த்த குழந்தைகளை விட்டுவர மறுத்தார். ஹத்தாவின் புத்தகப் பெட்டிகள் கரையில் நின்றன. மூன்றாண்டுகளில் ஹத்தா இந்தோனேசியாவின் துணை அதிபர், ஷாரிர் முதல் பிரதமர். இன்று பண்டாவின் இரண்டு தீவுகள் அவர்கள் பெயரைத் தாங்குகின்றன. நெய்ராவில் ஒரு பழங்கிணற்றருகே உள்ள நினைவிடத்தில், 1621-இல் வெட்டப்பட்ட ஓராங் காயாக்களின் பெயர்களோடு இந்த நாடுகடத்தப்பட்டோரின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

கூனுக்கும் நினைவுச்சின்னம் உண்டு. அவர் பிறந்த ஹோர்ன் நகரச் சதுக்கத்தில் 1893-இல் வெண்கலச் சிலை வைத்தனர். அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே யாக்கோபுஸ் வான் டெர் கெய்ஸ் என்ற ஒல்லாந்த வரலாற்றாசிரியர் கம்பெனி ஆவணங்களைக் கொண்டே பண்டாவின் கதையைக் கடுமையாக எழுதி வெளியிட்டிருந்தார். சிலை வைத்தவர்களை அது தடுக்கவில்லை. 2011-இல் ஒரு கிரேன் தவறுதலாக மோதிச் சிலை பீடத்திலிருந்து விழுந்தது. திரும்ப நிறுத்தியபோது பண்டாவைக் குறிப்பிடும் புதிய பலகை ஒன்றை 2012-இல் சேர்த்தனர்.

பண்டா தீவுகளில் இன்று வாழ்வோர் பல இடங்களிலிருந்து வந்த அடிமைகள், கூலிகள், வணிகர், மாலுமிகள் ஆகியோரின் வழித்தோன்றல்கள், பேசுவது மலாய். பழைய பண்டா மொழி அங்கே இல்லை. அது 1621-இல் படகேறித் தப்பியவர்களோடு போய்விட்டது. தென்கிழக்கே கெய் பெசார் தீவில் பண்டா ஏலி, பண்டா ஏலாத் என்று இரண்டு ஊர்கள் உண்டு. தப்பியவர்கள் அங்கே குடியேறி, விட்டுவந்த தீவின் பெயரையே ஊருக்கு வைத்தனர். ஜாதிக்காய் விளையும் தீவில் பேசப்பட்ட அந்த மொழியை அவர்கள் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்னும் பேசுகிறார்கள்.